அக்கா எதையும் ஒத்தையில் பார்த்ததில்லை

கீரனூர்க் கோழிப்பண்ணையை விட்டுக் கிளம்பி, ஒட்டன்சத்திரம் வரை நடந்தும் தொற்றியும் வந்து, அங்கிருந்து முருங்கைக்காய் வேனில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, திண்டுக்கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி மறுபடியும் நடந்துகொண்டிருந்தேன். பண்ணையில் குறையொன்றும் இல்லை. சாப்பாடு இருந்தது, படுக்க இடம் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டாமல் போனது போலவே எந்த வேலையும் சில மாதங்களுக்கு மேல் ஒட்டியதில்லை. ஒரு நாள் காலையில் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். "ஏந் தம்பி, பூசையும் அதுவுமாப் போறீங்களே, பொரியாச்சும் வாங்கிட்டுப் போறதுங்க" என்றார் பண்ணைக்காரர். அவ்வளவுதான் எங்கள் பிரிவு.

அன்று ஆயுத பூசை. சாலை நெடுக உடைந்த பூசணிக்காய்களைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. லாரிகள் முன்னால் வாழைக்கன்று கட்டி நின்றன. ஊரில் உள்ள மிஷின்கள் எல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு ஓய்வெடுக்கும் நாள் என்பதால் வேலை கேட்டுப் பயனில்லை. நாகல் நகரில் முன்பு நான் பாத்திரம் கழுவிய மெஸ் ஒன்று இருந்தது. அதன் பின்கட்டில் ராத்திரி படுத்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் நடுரோட்டில் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்ற அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது. சேலைக்கு மேல் ஆம்பளைக் காக்கிச் சட்டை. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனம். ஏதோ விபத்து என்று நினைத்து ஓடினேன். அதற்குள் பைக்கில் வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியையும் ஐஸ் வண்டிக்காரர் ஒருவரையும் ஓரங்கட்டி வைத்திருந்தார்.

"எங்கப்பா போற?" என்றார் என்னிடம்.

"நாகல் நகருக்கு."

"நாகல் நகர் எங்கயும் ஓடிப்போயிறாது. இத இன்னைக்கு விட்டா அடுத்த வருசந்தான். உள்ள வா."

"உள்ள என்னக்கா?"

"சொன்னா வெளங்காது. வந்து பாரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஐஸ் வண்டிக்காரர் வண்டியோடு பின்னால் வந்தார்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பிடிதான். திருடனைப் பிடிக்கிற பிடி. எதையும் அவரால் ஒத்தையில் பார்க்க முடியாது. நல்லதாக எது கண்ணில் பட்டாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் ரோட்டிலிருந்து பிடித்து வருவார்.

உள்ளே பெரிய தகரக் கொட்டகை. ஒரு பக்கம் வரிசையாக லேத்துகள். மோட்டார் பம்புக்கும் தேங்காய் நார் மிஷினுக்கும் பாகங்கள் கடைகிற பட்டறை அது. அவையெல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை; அன்று பொட்டு வைத்து, மாவிலை கட்டி, வாய் மூடிக் கிடந்தன. மறுபக்கம் இருந்ததைப் பார்த்ததும் நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். படுக்கவைத்த யானை போல ஒரு இரும்பு பாய்லர். அதிலிருந்து ஒரு குழாய் போய்ச் சேருகிற இடத்தில் நீராவி இஞ்சின். அதன் சக்கரம் என்னைவிட உயரம், பாதி தரைக்குள் வெட்டிய பள்ளத்தில் இறங்கியிருந்தது. பித்தளை எண்ணெய்க் கிண்ணங்கள் மின்னின. சக்கரத்திலிருந்து மேலே உத்தரத்தில் ஓடும் தண்டுக்கு ஒரு தோல் பெல்ட். அடியில் கொட்டாங்கச்சியும் விறகும் எரிந்துகொண்டிருந்தன.

"எங்கப்பா ஒரு பஞ்சு மில்ல இடிச்சப்ப அள்ளிட்டு வந்தது" என்றார் அக்கா. "மத்த மிசினுக்கெல்லாம் இன்னைக்கு லீவு. இதுக்கு இன்னைக்கு மட்டுந்தான் வேலை. வருசத்துல ஒரு நாள் மூட்டுவோம்."

என்னை ஏணிப் பக்கம் இழுத்தார். பாய்லரின் முதுகில் ஒரு நீள இரும்புக் கம்பி கை நீட்டினது போல இருந்தது. அதன் நுனியில் ஒரு இரும்புக் குண்டு தொங்கியது. பக்கத்தில் மில்லில் ஊதுகிற ஆவிச் சங்கு, அதிலிருந்து ஒரு கயிறு.

"இத நல்லாப் பாத்துக்க. இதுதான் சேஃப்டி வால்வு. உள்ள ஆவி அளவுக்கு மேல போனா இந்தக் கம்பியத் தானாத் தூக்கிக்கிட்டு மிச்சம் வெளிய சீறிரும். குண்டு கனம் எம்புட்டோ, ஆவியும் அம்புட்டுக்குத்தான் அடங்கிக் கெடக்கும். அது சீறும்போது பாக்கணும் நீ. போன வருசம் பேங்க்கு மேனேஜர் பயந்து எண்ணெய் டின்னுல உக்காந்துட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு வந்துவிட்டது. பசியோடுதான் இருந்தேன், அது மறந்துபோனது.

ஆவி ஏற நேரமாகும். அதுவரை வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்தார்கள். சுண்டல் கொடுத்தவர் அக்காவின் புருஷன். பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும் அவரை சார் என்பார்கள், அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"உன்னை ரோட்டுல பிடிச்சதா?" என்று கேட்டார் சார்.

"ஆமா சார்."

"என்னையும் இப்படித்தான். சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தேன், ஒரு சக்கரத்தப் பாக்க வாங்கன்னு கூட்டிட்டு வந்துச்சு. இன்னும் வெளிய போக முடியல."

பக்கத்தில் இருந்த கருப்பையா அண்ணன் சிரித்தார். அவர் அங்கே லேத்து ஓட்டுகிற மூத்த டர்னர். பூசைச் சாமான்களை அடுக்கிக்கொண்டே அக்காவைப் பற்றிய கதைகளாக எடுத்துவிட்டார். அக்காவின் வயிற்றிலிருந்து ஆப்பரேஷன் செய்து ஒரு கல்லை எடுத்தார்களாம். வீடு வந்ததும் அதை ஒரு பாட்டிலில் போட்டு ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கக் காட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சாமியாரையும் விடவில்லை. "ஃபாதர், வெயில்ல பிடிச்சுப் பாருங்க, உள்ள பச்சையாத் தெரியும்" என்றாராம். ஃபாதரும் பிடித்துப் பார்த்தாராம்.

இன்னொரு முறை ஒரு லேத்துக்கு மேலே கப்பியில் மைனா கூடு வைத்துவிட்டது. குஞ்சு பறக்கும் வரை அந்த லேத்தை ஓட்டக் கூடாது என்று அக்கா நிறுத்திவிட்டார். "வேலை ஏன் முடியலன்னு சண்டைக்கு வந்தவனையெல்லாம் ஏணில ஏத்திக் கூட்டக் காட்டுச்சு. ஏறும்போது கோவமா ஏறுவான். எறங்கும்போது, குஞ்சு எத்தனன்னு இவனே அடுத்தவனுக்குச் சொல்லுவான்" என்றார் கருப்பையா அண்ணன்.

நான் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. கருப்பையா அண்ணன் சூடம் தேடிப் போனதும் தணிந்த குரலில் சொன்னார்: "அவங்க அப்பா சாகக் கிடந்தப்ப இது மட்டுந்தான் பக்கத்துல இருந்துச்சு. ரெண்டு நாளாப் பேச்சில்லாம இருந்த மனுசன் வாயத் திறந்து ஏதோ சொல்ல ஆரம்பிச்சிருக்கார். இது, அப்பா பேசுறாரு வாங்க வாங்கன்னு எல்லாரையும் கூப்பிட வாசலுக்கு ஓடியிருக்கு. கூட்டிட்டு வந்து பாத்தா ஆள் முடிஞ்சுபோச்சு. என்ன சொன்னார்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் இந்தக் குணம் கொறையும்னு நினைச்சேன். கூடித்தான் போச்சு."

சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சாயங்காலம் பூசை தொடங்கியபோது அக்கா மறுபடியும் ரோட்டில் ஆள் பிடிக்கப் போயிருந்தார். அந்த வருஷம் கருப்பையா அண்ணனுக்குத் தனிச் சந்தோஷம். மகளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அதற்காகப் பூ மார்க்கெட்டில் சொல்லி வைத்து ஒரு மாலை கட்டி வாங்கியிருந்தார். செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் நெருக்கிக் கட்டிய ஆளுயர மாலை. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். இஞ்சினுக்குப் போடலாமென்றால் ஓடுகிற சக்கரத்தில் சிக்கும். அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். பாய்லரின் முதுகில் அந்தக் கம்பி மாலைக்கென்றே கை நீட்டியது போல இருந்தது. ஏணியில் ஏறி அதன் நுனியில் மாட்டிவிட்டார். பாய்லரின் நெற்றியில் இருந்த அழுத்த மீட்டர் வட்டமாக முகம் மாதிரி இருந்ததால் அதற்குக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். சூடம் காட்டினார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அக்கா திரும்பி வரும்போது பின்னால் ஒரு கூட்டமே வந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், வேனை நிறுத்திவிட்டு வந்த காய்கறி வியாபாரிகள். அக்கா மாலையைப் பார்த்தார். முகமெல்லாம் விரிந்துபோனது.

"ஏ, எல்லாரும் மேல பாருங்க. மாப்பிள்ளை மாதிரி இல்ல? கருப்பையா, எம்புட்டு அழகாப் போட்டிருக்க."

எல்லோரும் மேலே பார்த்தோம். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஒருத்தருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. அந்தக் கம்பி எதற்கென்று கொஞ்ச நேரம் முன்னால் தெரிந்துகொண்ட எனக்கும் தோன்றவில்லை.

அக்கா இஞ்சினுக்கு ஆவி போகும் குழாயின் வால்வைத் திருகினார். இஞ்சின் ஒரு முறை மூச்சு விட்டது. சக்கரம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. பிறகு நிற்கவில்லை. தரை அதிர்ந்தது. பெல்ட் படபடத்தது. மேலே தண்டு சுழல, கட்டியிருந்த மாவிலைகள் காற்றில் ஆடின. எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசம். பிள்ளைகள் குதித்தார்கள். ஐஸ் வண்டிக்காரர் காரணமில்லாமல் தன் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். நானும் ஏதோ கத்தினேன், என்னவென்று ஞாபகமில்லை.

"இப்பச் சீறும் பாருங்க" என்றார் அக்கா பிள்ளைகளிடம். "காதப் பொத்திக்கங்க."

பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒன்றும் சீறவில்லை. கையை எடுத்தார்கள்.

"இந்தா, இப்ப. பொத்துங்க பொத்துங்க."

பொத்தினார்கள். காத்திருந்தார்கள். ஒரு சிறுமி கையை எடுத்துவிட்டு, "அத்தை, பொய் சொல்றீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டேதான் மூன்றாவது தடவையும் சொல்ல வாயைத் திறந்தார். மேலே மாலையைப் பார்த்தார். பிறகு நேரே போய் முந்தானையால் மீட்டரின் சந்தனத்தைத் துடைத்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்ணே இல்லாத வெள்ளைக்குள் போய் நின்றது.

அவர் திரும்பியபோது முகத்தில் அதே சிரிப்பு இருந்தது.

"உள்ள நின்னா சங்குச் சத்தம் நல்லாக் கேக்காது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்துக்கிட்ட நின்னு கேக்கணும். எல்லாரும் போங்க, போங்க. சார், கூட்டிட்டுப் போங்க. ஒரு பிள்ளை விடாமக் கூட்டிட்டுப் போங்க."

சார் அசையாமல் நின்று அவரைப் பார்த்தார். அக்கா ஒரு கூட்டத்தை வெளியே போகச் சொன்னதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார். இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, வாங்க, முன்னால நிக்கிறவங்களுக்குத்தான் ஐஸ்" என்று நடந்தார். கூட்டம் அவர் பின்னால் போனது.

கருப்பையா அண்ணன் மட்டும் போகவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிருந்தது.

"நான் போட்டது அக்கா. நானே எடுத்துர்றேன்."

"சட்டுன்னு எடுத்தா மொத்தமாத் தெறந்துக்கிரும். உள்ள தண்ணி எகிறும், பாய்லர் தாங்காது. கம்பி மேல இருக்க கனத்தக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். நீ போ."

"அக்கா..."

"ஒம் மக வேலைக்குப் போயி ஒரு மாசங்கூட ஆகல. போன்னா போ."

அவர் பின்பக்கமாகவே நடந்து போனார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்லக்கா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப நீ இரு."

எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பல இடங்களில் கேட்டிருக்கிறார்கள். யாருமில்லை என்றதும் ஜாமீனுக்கு ஆளில்லாதவன் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிலுக்காக உள்ளே இருக்கச் சொன்னவர் அக்கா ஒருத்தர்தான். அதில் எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அதன் இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை.

"சக்கரம் ஓடட்டும், அது பாட்டுக்கு ஆவியத் திங்கட்டும். நீ அடியில இருக்க நெருப்ப இழு" என்று சொல்லி ஒரு நீளக் கொக்கியை என் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். நான் அடுப்பு வாயைத் திறந்தேன். கொட்டாங்கச்சிக் கங்கு வெள்ளையாகக் கனன்றது. இழுத்து இழுத்து மணலில் தள்ளினேன். புருவம் கருகுவது தெரிந்தது. தலைக்கு மேலே பாய்லரின் தகடு டிக், டிக் என்று ஒரு சத்தம் போட்டது.

மேலே அக்கா மாலையைக் கழற்றவில்லை. அடியிலிருந்து ஒவ்வொரு பிடியாகப் பிய்த்துக் கீழே போட்டார். செண்டுமல்லி என் தலையிலும் முதுகிலும் விழுந்தது. கங்கில் விழுந்தவை சுருண்டு புகைந்தன. ஒரு பிடி பிய்ப்பார், நிறுத்துவார், கம்பியைப் பார்ப்பார், அடுத்த பிடி. அப்போதும் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஏலே, கம்பி நடுங்குது பாரு."

"நெருப்பு இழுக்கேன்க்கா."

"செத்த நேரம் அத விட்டுட்டு இதப் பாரு அப்பு. வயசுப்பிள்ளைக்குக் கை நடுங்குறாப்புல நடுங்குது. பாக்குறியா இல்லையா?"

பாய்லர் வெடித்தால் இரண்டு பேரும் கூரையோடு போய்விடுவோம். அந்த நேரத்திலும் நான் பார்க்கவேண்டும் அவருக்கு. தலையைத் தூக்கினேன். கம்பி துடித்தது. அதன் அடியில் நூல் போல வெள்ளையாக ஒரு கோடு, தண்ணீர்த் துளிகள். அக்கா இன்னொரு பிடி பூவைப் பிய்த்தார்.

சீறியது.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. காதுக்குள் ஒருவர் கை விட்டது மாதிரி இருந்தது. வெள்ளைத் தூண் ஒன்று எழும்பிக் கூரையில் மோதி விரிந்தது. மாலையில் மிச்சமிருந்த பூக்கள் இதழ் இதழாக உதிர்ந்து மேலே பறந்தன. கொட்டகை முழுக்க மஞ்சளும் சிவப்பும் சுழன்றன. வெந்த பூ வாசம், கீரை கடைகிற வீடு மாதிரி. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு சங்குக் கயிற்றை இழுத்தது. சங்கு ஊளையிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டலும் விசிலும் கேட்டன. இத்தனை நேரம் காத்திருந்ததற்கு நல்ல வேடிக்கை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஊசி மெதுவாக இறங்கி, சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. அக்கா ஏணியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்தார். வலது உள்ளங்கை வெந்து கொப்பளித்திருந்தது. தலையெல்லாம் இதழ்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்க்கா."

"எப்பிடி இருந்துச்சு?"

"நீங்க மேலதான இருந்தீங்க?"

"நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றார். "சொல்லு, எப்பிடி இருந்துச்சு?"

சொன்னேன். தூண் எழும்பியதை, இதழ்கள் பறந்ததை, சிவப்பும் மஞ்சளும் சுழன்றதை. அந்த இடத்திலேயே இல்லாதவர் போல வாயைப் பிளந்து கேட்டார். "பூ கூரை வரைக்கும் போச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ரோட்டிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். அவ்வளவு நேரம் சிரித்தவர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் போனார்கள். ஒரு அம்மா மட்டும் வாசலில் நின்று, "இதுக்குத்தான் எங்களக் கூப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சார் அக்காவின் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, "இனி இந்த அடுப்ப மூட்டக் கூடாது" என்றார். நான் லேத்துகளுக்கு இடையில் சாக்கை விரித்துப் படுத்தேன்.

மறுநாள் விஜயதசமி. கருப்பையா அண்ணன் சூடம் கொளுத்தி லேத்துகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். பாய்லர்ப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது, அக்காவும் சாரும் ஆறிய பாய்லருக்கு முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டம் இனிமே ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான் சார். கதவத் தெறந்து வச்சா அங்க இருந்தே தெரியும். உள்ள ஒரு பிள்ளை வராது."

"பூ?"

"பூவும் ரோட்டோட சரி."

"அன்னைக்கு எல்லாருக்கும் பூசை மயக்கம். நீயே அந்த மாலையப் பாத்து அழகுன்ன. யாராவது ஒருத்தன் நெருப்பு மூட்டுனதுல இருந்து ஆறுற வரைக்கும் அந்த வால்வ மட்டுமே பாத்துக்கிட்டு உக்காரணும். சுண்டல் திங்காம, சாமி கும்பிடாம. அப்படி எவன் இருக்கான் இங்க?"

அக்கா கட்டுப்போட்ட கையை என் பக்கம் நீட்டினார்.

"இவன் இருக்கான். நேத்துக் கண்ண மூடாமப் பாத்தான்."

சார் என் பையைப் பார்த்தார். "இவன் நாளைக்கு இருப்பானான்னே தெரியல. இவன் பேரு தெரியுமா உனக்கு?"

தெரியாது. அக்கா அதைக் கேட்டிருக்கவேயில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அப்படி, கெஞ்சுகிற முகமாக, நான் அதற்கு முன்பும் பிறகும் பார்த்ததில்லை. நான் இல்லையென்றால் அந்தச் சக்கரம் இனி சுற்றாது என்று எனக்குப் புரிந்தது.

"அடுத்த ஆயுத பூசை வரைக்கும் இருப்பியாப்பா?" என்று கேட்டார் சார்.

அடுத்த மாதம் வரைக்கும்கூட நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

"இருக்கேன் சார்" என்றேன். "அது ஒரு நாள் வேலைதான? அதுவரைக்கும் என்ன செய்ய?"

அக்கா இடது கையால் மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். லேத்துகளுக்கு அடியில் இரும்புச் சுருளும் எண்ணெயும் செண்டுமல்லி இதழ்களும் கலந்து கிடந்தன. ஒரு வருஷம் கழித்து வரப்போகும் ஒரு நாள் வேலையை அன்று காலையில் ஒப்புக்கொண்டு, பெருக்க ஆரம்பித்தேன்.